நான்காவது பெயர்

நடவுப் பெண்கள் பின்பக்கமாகவே வந்துகொண்டிருந்தார்கள். வரப்பில் நின்ற எழில்மொழிக்கு அரை மணி நேரமாகப் பத்து முதுகுகள்தான் தெரிந்தன. எல்லா முதுகிலும் ஆண்பிள்ளைச் சட்டை. இடுப்பில் உரச்சாக்கைக் கிழித்துக் கட்டியிருந்தார்கள். இதில் வள்ளியம்மை யாரென்று அவளால் சொல்ல முடியவில்லை. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் பார்த்த முகம்தான். முதுகைப் பார்த்ததில்லை.

குடவாசலிலிருந்து வந்த மினி பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடைக்காரர் வழி சொல்லியிருந்தார். "ரெங்கசாமி பொண்டாட்டிதானே? வாய்க்காலத் தாண்டி மூணாவது வயலு. தாளடி நடவு. கூப்பிட்டா வராதுங்க. கரையேறுற வரைக்கும் நிக்கணும் நீங்க."

ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி எடுத்த நடவு. ஒருத்தி விலகினால் அவள் பங்கையும் பக்கத்தில் இருப்பவள் நட வேண்டும். அதனால் வரிசை வரப்பில் வந்து முட்டும்வரை யாரும் நிமிர்வதில்லை.

"யாருடி அது, வரப்புல செலையாட்டம்?" குனிந்தபடியே ஒருத்தி பின்னால் பார்த்துக் கேட்டாள்.

"நூறு நாள் வேலைக்குப் போட்டோ புடிக்க வந்திருப்பா."

"போட்டோ புடிக்கிறவ இம்மாம் வெள்ளையா சுடிதார் போட்டுக்கிட்டு வருவாளா? தரகரா இருக்கும். கண்ணாத்தாக்கா, ஒனக்கு மாப்ள கொண்டாந்திருக்கு போ."

"வரட்டும்டி. நாத்துப் பறிக்கத் தெரியுமான்னு மொதல்ல கேளு."

சிரிப்பு வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடியது. ஒரு கையும் நிற்கவில்லை.

எழில்மொழி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். உள்ளே பிளாஸ்டிக் உறையில் ஒரு படிவம். அதில் மூன்று இடங்களில் பெருக்கல் குறி போட்டிருந்தாள். மூன்றிலும் ரெங்கசாமியின் மனைவி கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் சனிக்கிழமைக்குள் கட்டுரை மருத்துவ இதழுக்குப் போகும். கட்டுரை போனால்தான் அவளுடைய பயிற்சி முடிந்ததாகச் சான்றிதழ். மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரி அந்தச் சான்றிதழுக்காக டிசம்பர் வரை காத்திருப்பதாகச் சொல்லியிருந்தது.

மருந்தியலில் ஆறு வருடம் பார்ம் டி படித்தவள். அதற்கு மேல், தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், தொற்றுநோய் மருந்துகளில் இரண்டு வருடச் சிறப்புப் பயிற்சி. எந்தக் கிருமிக்கு எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்று வார்டு சுற்றும் டாக்டரிடம் சொல்வது அவள் வேலை. சொல்லலாம். எழுத முடியாது. நோயாளியின் தாளில் மருந்தின் பெயரை எழுதுவது டாக்டரின் பேனா மட்டும்தான்.

ரெங்கசாமி செப்டம்பர் கடைசியில் வந்தார். ஐம்பத்திரண்டு வயது. சர்க்கரை இருந்தது. வரப்பு ஓரத்தில் அண்டை வெட்டும்போது மண்வெட்டி பாதத்தில் இறங்கி, புண் ஆறாமல், பிறகு காய்ச்சல். ஸ்கேனில் கல்லீரல் முழுக்கச் சீழ்க்கட்டிகள். நான்காம் நாள் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. மெஷின் கிருமியின் பெயரை சூடோமோனாஸ் என்று அச்சடித்திருந்தது. எழில்மொழி பெயரை விட்டுவிட்டு அதன் கீழே இருந்த மருந்துப் பட்டியலைப் பார்த்தாள். கடைசியாகக் கையில் எடுக்கும் பெரிய மருந்து கேட்காது என்றும், சாதாரண மருந்து கேட்கும் என்றும் தலைகீழாக இருந்தது. சூடோமோனாஸ் அப்படி நடந்துகொள்ளாது. வயல் சேற்றில் இருக்கும் ஒரு கிருமி அப்படி நடந்துகொள்ளும்.

"சார், இது மீலியாய்டோசிஸா இருக்கலாம்," என்றாள் வார்டு சுற்றி வந்த டாக்டர் நாணுவிடம். குரல் முகக்கவசத்தைத் தாண்டவில்லை. மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னாள். "செஃப்டாசிடிம் மாத்திப் பாக்கலாம் சார். இப்ப ஏறுற மருந்து அதுக்குக் கேக்காது."

"இவரு எந்த ஊரு?"

"குடவாசல் பக்கம் சார்."

"சேத்துலேருந்து வர்ற வியாதின்னா இந்நேரம் குடவாசலே காலியாயிருக்கணுமேம்மா. நம்ம பக்கம் யாரு காலு சேத்துல இல்ல?" உடன் வந்த மாணவர்கள் சிரித்தார்கள். அவர் கட்டிலைச் சுற்றி வந்து அவள் தோள் அருகே நின்றார். "பயிற்சி முடியறதுக்குள்ள ஒரு அபூர்வ வியாதியாவது கண்டுபுடிச்சிடணும்னு ஆசை. தப்பில்ல. அத பரீட்சைல எழுது. என் பேஷண்ட் மேல எழுதாத."

அவள் மூன்றாம் முறை சொல்லவில்லை. பரிசோதனைக் கூடத்துக்குப் போய் அங்கே வேலை பார்த்த அப்சரிடம் கேட்டாள். அப்சர் கிருமி வளர்ந்த தட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். "மெஷின்ல அந்தப் பேரே ஏத்தலக்கா. தெரியாத பேர அது எப்புடிச் சொல்லும்? தெரிஞ்சதுல கிட்டக்க இருக்கறதச் சொல்லுது." டாக்டர்களுக்குத் தெரியாமல் இருவரும் அந்தத் தட்டை வெளியூரில் ஒரு பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். பதில் வர ஆறு நாள் ஆயிற்று.

அந்த ஆறு நாளும் அவள் ரெங்கசாமியின் கட்டிலைக் கடந்து போனாள். வள்ளியம்மை ஒவ்வொரு நாளும் எழுந்து நின்றாள். "காச்ச எறங்கிடுமா பாப்பா? நல்ல மருந்துதானே ஏறுது?" எழில்மொழி மேலே தொங்கிய பாட்டிலைப் பார்ப்பாள். சொட்டு சீராக விழுந்துகொண்டிருக்கும். "டாக்டர் பாத்துக்கிட்டிருக்காரும்மா," என்பாள்.

பத்தாம் நாள் முடிவு வந்தது. அவள் சொன்னதுதான். டாக்டர் நாணு படித்துவிட்டு மருந்தை மாற்றினார். பன்னிரண்டாம் நாள் மதியம் ரெங்கசாமி இறந்துபோனார். அடுத்த வாரம் டாக்டர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, காபி வரவழைத்தார். "நம்ம ஆஸ்பத்திரியிலேர்ந்து இதான் முதல் கேஸ். நல்லா எழுது. ஒனக்கும் கட்டுரைக் கணக்கு முடிஞ்சிடும்."

அவள் எழுதினாள். அவர் திருத்தினார். திருத்தி வந்த தாளில் இப்படி இருந்தது: 'நான்காம் நாள் சிகிச்சைக் குழுவுக்குச் சந்தேகம் எழுந்தது. உறுதியானதும் மருந்து உடனடியாக மாற்றப்பட்டது.' இரண்டு வாக்கியத்துக்கும் நடுவே ஒரு முற்றுப்புள்ளி. ஆறு நாளும் அதற்குள் போயிருந்தன.

"குடும்பத்துல கையெழுத்து வாங்கணும். நீ கும்பகோணத்துப் பொண்ணுதானே, ஒரு பஸ்ஸு. போய்ட்டு வந்துடு," என்றார்.

பஸ்ஸில் வரும்போது அந்த ஆறு நாளையும் வள்ளியம்மையிடம் சொல்லிவிடுவதென்றுதான் எழில்மொழி நினைத்திருந்தாள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்பதுகூட யோசித்து வைத்திருந்தாள்.

வரிசை வரப்பை முட்டியது. பெண்கள் ஒவ்வொருவராக இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தார்கள். நான்காவதாக நிமிர்ந்தவள் திரும்பி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"ஆசுபத்திரி பாப்பால்ல? என்னடா இம்புட்டு தூரம்?" வள்ளியம்மை மேலே ஏறி வந்தாள். "வெயில்ல நிக்க வெச்சுட்டனே. தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேம்மா. ஒரு கையெழுத்து வேணும்."

வாய்க்காலில் கையைக் கழுவி, சட்டையில் துடைத்துக்கொண்டு, வள்ளியம்மை வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். மற்றவர்களும் சூழ்ந்து நின்றார்கள். எழில்மொழி கைப்பையைப் படிவத்துக்கு அடியில் வைத்துக் கொடுத்தாள்.

"இங்கிலீசுல கெடக்கு. என்ன எழுதியிருக்கு?"

"அவருக்கு வந்த நோயப் பத்திப் புத்தகத்துல எழுதப் போறாங்க. மத்த டாக்டருங்க படிச்சுத் தெரிஞ்சுக்கறதுக்கு. ஒங்க சம்மதம் வேணும்."

"அவரு பேரு வருமா?"

"வராதும்மா. பேரு போடக் கூடாது. ஐம்பத்திரண்டு வயசு ஆண், விவசாயக் கூலின்னு வரும்."

"அப்ப யாரு பேருதான் வரும்?"

"டாக்டருங்க பேரு."

"ஒன் பேரு?"

எழில்மொழி குனிந்து பேனாவின் மூடியைக் கழற்றினாள். "வரும். நாலாவதா."

"வரட்டும். ராசாத்தி மாதிரி வரட்டும். அந்த ஆசுபத்திரில நீ ஒருத்திதான் எங்கள நின்னு பாத்தவ." வள்ளியம்மை எழுத்தெழுத்தாகப் போட்டாள். இரண்டாவதிலும் போட்டாள். மூன்றாவதற்கு வந்ததும் பேனா நின்றது. "இது எதுக்கு?"

"போட்டோவுக்கு. அன்னிக்கு எடுத்தது."

"அவர எடுத்தியா? எனக்கு ஒண்ணு அனுப்பேன் பாப்பா. கல்யாணத்துல எடுத்தத விட்டா எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

"மூஞ்சி இருக்காதும்மா. கால் புண்ணு மட்டுந்தான்."

வள்ளியம்மை சற்று யோசித்தாள். "கால்தானே. பரவால்ல. அனுப்பு."

பேனா தாளின் மேலே இன்னும் நின்றுகொண்டிருந்தது.

"கடைசில ஒரு மருந்து மாத்துனாங்களே. அத முன்னாடியே போட்டிருந்தா பொழைச்சிருப்பாரா?"

யோசித்து வைத்திருந்த ஆரம்பம் எழில்மொழியின் நாக்கில் இருந்தது. அவள் மூன்றாவது பெருக்கல் குறியைப் பார்த்தாள்.

"சொல்ல முடியாதும்மா," என்றாள். "அவருக்கு ஏற்கெனவே முத்திடுச்சு."

"அதத்தான் நானும் சொல்லிக்கிட்டிருக்கேன் எல்லார்ட்டயும். எந்தலையெழுத்து, ஆசுபத்திரிக்கு லேட்டா கூட்டிக்கிட்டுப் போய்ட்டேன்." வள்ளியம்மை கையெழுத்தைப் போட்டு முடித்துத் தாளை நீட்டினாள். ஓரத்தில் அவள் கட்டைவிரல் ஈரம் பட்டிருந்தது.

"அது எங்கேருந்து பாப்பா வருது, அந்த வியாதி?" என்று கேட்டாள் கண்ணாத்தாள்.

"மண்ணுலேருந்து. சேத்துத் தண்ணிலேருந்து. புண்ணு வழியா உள்ள போகும். சுகர் இருக்கறவங்களுக்கு சீக்கிரமா வரும்."

பெண்கள் தங்கள் கால்களைப் பார்த்தார்கள். வள்ளியம்மை வலது காலைத் தூக்கி விரல்களை விரித்துக் காட்டினாள். இடுக்கில் தோல் வெளுத்துப் பிளந்திருந்தது. "எனக்கும் சுகருதான்," என்றாள், ஊர் பேர் சொல்வது போல.

"சேத்துல எறங்காதீங்கம்மா. இல்லன்னா முழங்கால் வரைக்கும் பூட்ஸ் போட்டுக்கணும்."

கண்ணாத்தாள் சிரித்துவிட்டாள். "பூட்ஸப் போட்டுக்கிட்டு நட்டா நாத்தெல்லாம் மிதிபட்டுப் போவாது? மறுநாளு வேலைக்கிக் கூப்புடுவானா அந்தாளு?"

எதிர் வரப்பில் குடை பிடித்து நின்ற வயல்காரர் கையைத் தட்டினார். "என்னங்கடி மாநாடு? பொழுதுக்குள்ள இந்தப் பாத்தி முடியணும்."

பெண்கள் பக்கத்துப் பாத்தியின் மறுகரையைப் பார்த்து நடந்தார்கள். வள்ளியம்மை, "பாத்துப் போடா, வரப்பு வழுக்கும்," என்றாள்.

எழில்மொழி படிவத்தை ஓரம் காயவிட்டு உறைக்குள் போட்டாள். பிறகு கைப்பையின் பக்கப் பையிலிருந்து சின்ன பாட்டிலை எடுத்து உள்ளங்கையில் கிருமிநாசினியை ஊற்றினாள். பயிற்சியில் பழகியபடி உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகக்கண் என்று தேய்த்தாள். கட்டைவிரலைத் தேய்க்கும்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். முழங்கால் சேற்றில் இறங்கி நின்ற பத்துப் பெண்களும் திரும்பி அவளுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வள்ளியம்மைதான் முதலில் குனிந்தாள்.