பஸ் ஏணியில் தேவகுமாரியின் ஈக்கள்

கொட்டச்சேட்டில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் தேனீ வளர்ப்போர் சங்கம் பஸ் நிற்கிற இடத்திலேயே கூடிவிடும். தனிக் கட்டிடம் கிடையாது. கோயிலுக்கு வந்தவர்களும் பஸ்ஸுக்கு வந்த விவசாயிகளும் ஒரே இடத்தில் சிக்குவது அங்கேதான். செய்தி சொல்வது தேவகுமாரியின் வேலை. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவள். மேடு தாண்டிக் கேட்கிற தொண்டை அவளுக்கு. அதனாலேயே செயலாளர் ஆக்கியிருந்தார்கள்.

அன்று அந்தத் தொண்டைக்கு நல்ல தீனி. காப்பியைப் பூக்க வைக்கிற பூ மழை பெய்து ஒரு வாரம் ஆகியிருந்தது. விடிந்து பார்த்தால் எஸ்டேட் முழுக்க வெள்ளை.

"கேட்டுக்கோங்க. பூ முடியற வரைக்கும் மருந்தடிக்க மாட்டோம்னு எஸ்டேட் ரைட்டர் சொல்லிட்டாரு. பெட்டி வாசலை யாரும் அடைக்க வேண்டாம். பெட்டிக் காலுக்குத் தண்ணிக் கிண்ணம் வையுங்க, இல்லாட்டி எறும்பு ஏறிரும். தேனடையைத் தூக்கி அடி ஓரத்தைப் பாருங்க. நிலக்கடலை கணக்கா ராணி அறை தொங்குச்சுன்னா, பழைய ராணி பாதி ஈயைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பப் போவுதுன்னு அர்த்தம். காலிப் பெட்டி ஒண்ணு எப்பவும் தயாரா இருக்கோணும்."

"உங்க காலிப் பெட்டி தயாருங்களா, செயலாளரம்மிணி?"

கேட்டது மஞ்சக்குட்டைக்காரர் மாதப்பன். ராகியும் காப்பியும் போடுகிற விவசாயி. ஆசாரியிடம் கால் மாற்றிய காலிப் பெட்டியைக் கையோடு கொண்டுவந்து, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

"இல்லாமலாங்க?" என்றாள் தேவகுமாரி. அவளுடைய காலிப் பெட்டியில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

அடுத்த செய்திக்கு வாயைத் திறப்பதற்குள் பக்கத்து ஊட்டு சாந்தாமேரி ஓடிவந்தாள். "அக்கா, உங்க பெட்டியிலருந்து ஈ கிளம்பிருச்சு. புகையாட்டம் இங்கதான் வருது."

அவள் சொல்லி முடிக்குமுன் தலைக்கு மேலே இரைச்சல். குப்பனூர் வழியாகச் சேலம் போகிற பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஈக்கூட்டம் அதை ரெண்டு சுற்றுச் சுற்றி, பின்பக்க ஏணியின் மேல் கம்பியில் இறங்கிப் பலாப்பழம் போலத் தொங்கியது. உள்ளே இருந்தவர்கள் முன்வாசல் வழியாகக் குதித்தார்கள்.

தேவகுமாரிக்கு இருந்தது அந்த ஒரே கூட்டம். காப்பிப் பூத் தேன்தான் அவளுக்கு வருசத் தேன். அது பஸ் ஏணியில் தொங்குகிறது.

மாதப்பன் எழுந்து பெட்டியின் தூசியைத் தட்டினார். "பிரிஞ்ச கூட்டம் யார் பெட்டியில ஏறுதோ அவங்களுக்குச் சொந்தம். சங்கத்துச் சட்டமுங்க."

அந்தச் சட்டத்தைப் போட்டவளே தேவகுமாரிதான். போன வருசம் மாதப்பன் எஸ்டேட் ஓரம் வைத்திருந்த பெட்டியிலிருந்து ஒரு கூட்டம் பிரிந்து அவள் ஊட்டு முருங்கையில் இறங்கியது. அதைப் பெட்டியில் பிடித்துவிட்டு, கையோடு ஆளைக் கூட்டிப் போட்ட சட்டம். இப்போது தொங்குவதும் அதே ராணிதான். கூடியிருந்தவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"பெட்டி உங்களுது சரிங்க. ஏணியில யாரு ஏறுவாங்க?" என்றாள்.

மாதப்பனுக்கு முழங்கால் மடங்காது. மற்றவர்களைப் பார்த்தார். இந்தச் சண்டையில் கைவைக்க ஒருவரும் தயாராக இல்லை.

டிரைவர் வேடியப்பன் ஹாரனை அடித்தார். "ஏனுங்க, உங்க பஞ்சாயத்தைச் சேலத்துல வெச்சுக்கலாமா? எனக்கு நேரமாச்சு."

ஓடிப்போய்க் கோழியையும் முட்டையையும் இறக்கி, பெட்டியைத் துடைத்துக்கொண்டு வரலாம். அதற்குள் பஸ் போய்விடும். முதல் வளைவிலேயே கூட்டம் சிதறும். ராணி எந்தப் பள்ளத்தில் விழுமோ. யாருக்கும் இல்லாமல் போகிறதற்கு மாதப்பனுக்காவது போகட்டும் என்று சேலையை இழுத்துச் செருகினாள். பயணத்துக்கு வந்திருந்த சென்னம்மாளின் புது முறத்தைக் கேட்காமலே பிடுங்கிக்கொண்டு ஏறினாள்.

கிளம்புமுன் வயிறு முட்டத் தேன் குடித்த ஈ சுலபத்தில் கொட்டாது. வெறுங்கையால் முறத்தில் வழித்தாள். சூடாக, தானியம் சரிகிற மாதிரி சரிந்தது. ஒன்று மட்டும் காதில் கொட்டியது. குனிந்து, மாதப்பன் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்த பெட்டியில் கவிழ்த்தாள்.

பெட்டியைத் தரையில் வைத்ததும் வாசலில் நின்ற ஈக்கள் பின்புறத்தைத் தூக்கி இறக்கையை விசிறின. ராணி உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். ஏணியில் மிச்சமிருந்ததும் பறந்து வந்து வரிசையாக உள்ளே நுழைந்தது. பஸ் கிளம்பியது. சென்னம்மாள் ஜன்னல் வழியாகக் கை நீட்டி முறத்தை வாங்கிக்கொண்டு திட்டினாள்.

"சட்டம் சட்டந்தானுங்களே?" என்றார் மாதப்பன்.

"சட்டந்தானுங்க. நான் போட்டதுதானே."

காதைத் தேய்த்துக்கொண்டு நின்றவளுக்கு, கொஞ்சம் முன்னே தொண்டை கிழியச் சொன்னது அப்போதுதான் உறைத்தது. போனது பழைய ராணி. பாதி ஈ. மீதி?

ஓடினாள். பஸ் நிறுத்தத்துக்குப் பின்னாலேயே ஊடு. பெட்டியைத் திறந்து அடையைத் தூக்கினால், இருந்த ஈக்கள் சுறுசுறுப்பாக நகர்ந்தன. அடி ஓரத்தில் நிலக்கடலை கணக்காக ராணி அறைகள், வாய் மூடித் தொங்கின. எல்லாவற்றையும் விட்டால் கூட்டம் மறுபடியும் பிரியும். தடித்ததாக ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கத்தியால் அறுத்தாள்.

வேலிக்கு வந்து தொண்டையைத் திறந்தாள். "மாதப்பண்ணா, ராணி அறை இருக்குதுங்க. ஒண்ணை விட்டு மத்ததை அறுத்துட்டேனுங்க."

பஸ் நிறுத்தத்திலிருந்து பதில் வந்தது. "கோழியை எப்பங்க எடுக்கறீங்க?"

சாந்தாமேரி அதற்குள் சொல்லியிருந்தாள்.