பென்ஸுக்கு முட்டுக் கொடுத்த அம்மி

கொரட்டூர் ஏரி நிரம்பிவிட்டது, உபரி நீரைத் திறந்துவிடப் போகிறார்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனபோது, அந்த அடுக்ககத்தின் கார்களெல்லாம் பாடி மேம்பாலத்தில் ஏறி நின்றாகிவிட்டது. மழை வருவதற்குள் பாலத்தில் இடம் பிடிப்பதில் சென்னைக்காரர்களை யாரும் மிஞ்ச முடியாது. கீழே மிச்சம் இருந்தது எழிலரசியின் பென்ஸ் மட்டும்தான். அதற்கு இஞ்சின் இல்லை.

இஞ்சின் இல்லாமல் இல்லை, இருந்தது. கரையான்சாவடியில் மெக்கானிக் ராகவனின் பட்டறையில் அக்குவேறு ஆணிவேறாகப் பிரிந்து கிடந்தது. பிரேக்கும் அங்கேதான்.

பூந்தமல்லியில் ஒரு பழைய பங்களாவின் பின்பக்கம், கோழி அடைந்து கிடந்த வண்டி அது. நகை வாங்கச் சேர்த்ததைக் கொடுத்து அதை வாங்கியபோது சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். கணவன் கிருபாகரன் மட்டும் சிரிக்கவில்லை. கோழி எச்சம் கழுவ வாளி எடுத்து வந்தான். நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்து வேலை பார்ப்பவளுக்குச் சாயங்காலம் கையில் தொட்டுப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. ஞாயிற்றுக்கிழமை துரு சுரண்டினால், சுரண்டிய இடம் கண்ணுக்குத் தெரியும். அப்படி மூன்று வருடம். போன மாதம்தான் தோல் இருக்கைகள் தைத்து முடிந்தன. முன்பலகையின் மரத்தை அவளே இழைத்து மெருகேற்றியிருந்தாள். ஒரு முழம் தண்ணீர் உள்ளே புகுந்தால் அத்தனையும் பாழ்.

அவள் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இழுவை வண்டிக்காரர்களுக்கு கிருபாகரன் போட்ட போனை யாரும் எடுக்கவில்லை.

சங்கச் செயலாளர் பக்தவத்சலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஆவடியில் ராணுவ டேங்க் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பென்ஸ் அவருக்குக் கண்ணில் விழுந்த தூசு. 'நாலாம் நம்பர் இடத்தில் கிடக்கும் பழைய இரும்பை அகற்றுவது குறித்து' ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்று அறிவிப்பே ஒட்டியிருந்தார்.

"இன்னாம்மா, பாத்துகினு நிக்கிற? தண்ணி வந்தா இது மெதக்கும். மெதந்து போயி லிஃப்டை இடிச்சா யாரு பதில் சொல்றது?"

"நான் என்ன சார் பண்ணட்டும்?" என்றாள் எழிலரசி.

வாசலில் ஆட்டோ ஸ்டாண்டு சம்பந்தம் எட்டிப் பார்த்தார். "இஞ்சின் இல்லன்னா வெயிட்டும் கம்மிதானேக்கா? தள்ளிகினு போயிடலாம். டேய், எல்லாம் வாங்கடா!"

"பிரேக்கும் இல்ல சம்பந்தம். பாலத்து ஏத்தத்துல பின்னால உருண்டா?" என்றான் கிருபாகரன்.

பக்தவத்சலத்தின் மனைவி பத்மா மாடி ஏறிப் போனாள். இறங்கி வந்தபோது இடுப்பில் பிள்ளையைப் போல ஓர் அம்மி உட்கார்ந்திருந்தது. அவள் கல்யாணச் சீரில் வந்த சின்ன அம்மி.

"டயருக்குப் பின்னாடி முட்டுக் குடுக்க இது போதும். நடங்க," என்றாள்.

ஸ்டியரிங் பிடிக்கத்தான் ஆள் இல்லை. தள்ள ஒரு கைகூடக் குறையக் கூடாது. முழங்காலில் ஆபரேஷன் ஆனவர் பக்தவத்சலம் ஒருவர்தான். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"எனக்கு கார் ஓட்டத் தெரியாதும்மா." டேங்க் செய்தவர் குரல் இறங்கிப்போனது.

"இதுக்கும் ஓடத் தெரியாது சார். ஏறி உக்காருங்க," என்றாள் எழிலரசி.

கணுக்கால் தண்ணீரில் தள்ளினார்கள். சமதரையில் வண்டி சொன்ன பேச்சுக் கேட்டது. பாலத்தின் ஏற்றத்தில்தான் எல்லோருக்கும் நாக்குத் தள்ளியது. பத்தடி தள்ளுவதும், "கல்லு!" என்று சம்பந்தம் கத்துவதும், பத்மா குனிந்து அம்மியை டயருக்கு அடியில் செருகுவதுமாக ஏறினார்கள். பாதி ஏற்றத்தில் யாருக்கோ கால் வழுக்கியது. பென்ஸ் பின்னால் நகர்ந்தது. எழிலரசிக்கு உயிரே போய்விட்டது. வண்டி அம்மியில் மோதி 'டக்'கென்று நின்றது. அம்மி அசையவில்லை.

உச்சியில் இரண்டு கார்களுக்கு நடுவே வண்டியை நிறுத்தி, அம்மியை முட்டுக் கொடுத்த பிறகு, எழிலரசி மழையிலேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். துக்கம் இல்லை, அப்பாடா என்ற அழுகை. பக்தவத்சலம் உடனே இறங்கவில்லை. துண்டால் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சீட்டு நல்லாத்தான் தெச்சிகிறாங்க," என்றார், யாரிடமோ சொல்வது போல.

அன்று மாலையே தண்ணீர் வந்தது. கீழ்த்தளத்தில் முழங்கால் அளவு நின்று, சனிக்கிழமை வடிந்தது. சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை கூட்டமும் வந்தது. சேறு கழுவிய தரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நாலாம் நம்பர் இடம் வெறிச்சென்று கிடந்தது. மதியம் பாலத்துக்கே வந்து பிரேக் மாட்டித் தருவதாக ராகவன் சொல்லியிருந்தார். மாட்டிய பிறகு வண்டியை எங்கே கொண்டுபோவது என்றுதான் எழிலரசிக்குத் தெரியவில்லை. இரும்பு தானாகவே வெளியே போய்விட்டது. இனி உள்ளே விட மாட்டேன் என்று செயலாளர் சொன்னால் முடிந்தது கதை.

பக்தவத்சலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொண்டையைக் கனைத்தார். "நாலாம் நம்பர் இடம்..."

"அது கெடக்கட்டும்," என்று படிக்கட்டிலிருந்து பத்மாவின் குரல் வந்தது. "மிக்சி சட்னி வாயில வெக்க முடியலன்னு மூணு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சிகினு கீறீங்களே, என் அம்மி பாலத்து மேல இல்ல கீது?"

"போயி எடுத்துகினு வர வேண்டியதுதானே?"

"கல்லை எடுத்தா வண்டி உருளும். வண்டி ஊட்டுக்கு வந்தாத்தான் கல்லு வரும். எது வேணும், சொல்லுங்க."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. பக்தவத்சலம் சிரிக்கவில்லை. காலி இடத்தை ஒரு தடவை பார்த்தார். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"மெக்கானிக் எத்தினி மணிக்கு வரான்?"

"ரெண்டு மணிக்கு சார்," என்றாள் எழிலரசி.

"அப்ப நானும் வரேன். அந்த ஸ்டியரிங்கு எனக்குத்தான் பழக்கம்." எழுந்தவர் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "பிரேக்கு எந்தக் கால்ல மிதிக்கணும்னு மட்டும் மின்னாடியே சொல்லிடும்மா."