இருபது டிகிரிக்குக் கீழே

மே மாதத்து மத்தியானம் பார்த்தா ஏசி செத்துப்போக வேண்டும்! கிளார்க் வேம்பு கடிகாரத்தைப் பார்த்தார்.

பாண்டி பஜாருக்குப் பின்னால் இருந்த அந்த பம்புசெட் கம்பெனியில் கம்ப்யூட்டர் அறை ஒரு கர்ப்பக்கிரகம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சுவரில் தொங்கும் தெர்மாமீட்டர் இருபது டிகிரிக்குக் கீழே காட்டினால்தான் மேனேஜர் ஸ்ரீரங்கன் மெஷின் சாவியைத் தருவார். தலைமை ஆபீஸ் உத்தரவாம். எந்தப் புண்ணியவான் எழுதினானோ! டைப்ரைட்டரில் அடிக்கலாமென்றால், கம்ப்யூட்டர் வந்த ஜோரில் அதையெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று.

நாலு மணிக்குள் சர்க்கரை ஆலைக்கு டெண்டர் போயாக வேண்டும். போன டெண்டரையும் இதே ஏசியால்தான் கோட்டை விட்டார்கள். இதுவும் போனால் வேம்புவுக்கு ஈக்காட்டுத்தாங்கல் கோடவுன்தான் என்று ஸ்ரீரங்கன் சொல்லிவிட்டார். அந்தத் தகரக் கொட்டகையில் ஃபேன்கூடக் கிடையாது.

"இன்னா சார், மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு கீறீங்க?" என்றாள் டைப்பிஸ்ட் டயானா. "ரூமா குளுரணும்? தெர்மாமீட்டர் குளுந்தா போதும்ல?"

சொன்னவள் ஆட்டோ பிடித்துப் பறந்தாள். அவள் அம்மா தேசம்மா சைதாப்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்பவள். டயானா திரும்பி வந்தபோது கையில் ஒரு வாளி ஐஸ், கூடவே வஞ்சிர வாசனை. வாளியை மூலையில், தெர்மாமீட்டருக்கு நேர் கீழே வைத்தாள். தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி, கிணற்றில் இறக்குகிற மாதிரி இறக்கி ஏற்றி, பதினெட்டில் நிறுத்தினாள்.

அடி கெட்டிக்காரி! இத்தனை வருஷமாய் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, நமக்கு இது தோன்றவில்லையே என்று வேம்பு வாயைப் பிளந்தார். இந்தப் பெண்ணுக்குக் கோயில் கட்டலாம் போலிருந்தது அவருக்கு.

ஸ்ரீரங்கன் வெறுங்காலோடு உள்ளே வந்தார். குனிந்து பார்த்தார்.

"பதினெட்டா?"

"பதினெட்டுதான் சார்," என்றாள் டயானா.

"அப்புறம் ஏம்மா நோக்கு இப்படி வேர்த்துக் கொட்றது?"

"பயம் சார். உங்களப் பாத்தா."

ஸ்ரீரங்கன் வாளியைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். கைக்குட்டையை எடுத்து, தன் கழுத்தில் வழிந்த வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"நேக்கும் தலைமை ஆபீஸ்னா பயம்தான்மா," என்று சாவியை அவளிடம் நீட்டினார். "சீக்கிரம் அடி. ஐஸ் உருகிண்டிருக்கு பார்."