மாரியாத்தா வரவு

சேலம் வரி ஆபீசில் அந்த அதிகாரி எங்கள் கடைக் கணக்கின் முதல் பக்கத்திலேயே விரலை வைத்து நிறுத்திவிட்டார். "யாருய்யா இந்த மாரியாத்தா? பத்தாயிரத்தொரு ரூபாய் எங்கிருந்து வந்துச்சு?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஜெர்மன் சண்டை தொடங்கிய மறுவருசம், கூலிக்கு நெய்துகொண்டிருந்த என் வீட்டுக்காரர் ஆட்டையாம்பட்டியில் சொந்தமாகச் சேலைக் கடை போட்டார். அவருக்கு எழுதத் தெரியாது. கணக்கு என் கை. புதுக் கணக்கில் முதல் வரவு சாமி பெயரில் இருந்தால்தான் கடை விளங்கும் என்று எங்கள் பக்கத்தில் வழக்கம். மற்றவர்கள் ஒரு ரூபாய் எழுதுவார்கள். இந்த மனுசனுக்கு அது போதவில்லை. கற்பூரம் எரியும்போது பத்தாயிரத்தொன்று போடச் சொன்னார். நானும் புத்திகெட்டுப்போய் எழுதினேன். வருசம் முழுக்க நாயாய் அலைந்து நாங்கள் கண்ட லாபமே நானூறு ரூபாய்.

நானூறுக்கு வரி கிடையாதாம். சாமி பணத்தையும் சேர்த்தால் வரியே அறுநூறுக்கு மேல் வருமாம். கடைச் சரக்கு மொத்தத்தையும் விற்றாலும் அவ்வளவு தேறாது. சும்மா எழுதியதுதான், சாமி ஒன்றும் தரவில்லை என்று கைநாட்டு வைத்தால் அந்த வரவை அடித்துவிடுவதாக அதிகாரி சொன்னார். நல்ல மனுசன். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "ஆத்தா குடுத்ததுங்க சாமி. இல்லீன்னு நான் சொல்ல மாட்டனுங்க."

விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். கண்ணில் நீர் நின்றது. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு மறுபடியும் கூலித் தறிக்கா போவது?

"பொய்யிங்க," என்றேன். "ஆத்தா ஒண்ணுமே குடுக்கலீங்க. கடைக்குப் போட்டது என்ற தாலிக்கொடிய வித்த பணமுங்க."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். யாரோ வேற்றாளைப் பார்ப்பதுபோல இருந்தது. அதிகாரி நான் சொன்னதை எழுதி, கடை இவர் பெயரில் இருப்பதால் இவர்தான் கைநாட்டு வைக்க வேண்டும் என்று மைப்பெட்டியை நகர்த்தினார்.

அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

வலது கையைப் பிடித்து இழுத்தேன். நாலு பேர் பார்க்க நான் அவர் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. விரல்கள் இறுக மூடியிருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தேன்; கட்டைவிரல் கடைசியில் வந்தது.