இலுப்பைப் பொந்து

பண்டசோழநல்லூரில் பச்சையப்பனின் கரும்புக்கொல்லை ஓரம் ஒரு கிழட்டு இலுப்பை நின்றது. அதன் அடிமரத்துப் பொந்தில் மழைத் தண்ணீர் தேங்கி, இலை மட்கி, கறுப்பாய் நாறும். மூக்கைப் பிடிக்காமல் யாரும் கிட்டே போக மாட்டார்கள். ஷெரின் மட்டும் வாரம் ஒருமுறை வில்லியனூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்து, அதற்குள் டார்ச் அடித்துப் பார்த்துப் பூரித்துப்போவாள்.

உள்ளே வாலால் மூச்சு விடும் புழுக்கள் இருந்தன. வளர்ந்தால் குளவி மாதிரி மஞ்சள் கோடு போட்ட ஈ. பூவுக்கு முன்னால் அந்தரத்தில் அசையாமல் நிற்கும். பொந்துள்ள கிழ மரங்களை ஊர் ஊராக வெட்டித் தள்ளியதில் அந்த ஈயும் போய்விட்டது. அவளுக்குச் சம்பளம் கொடுக்கும் ஆராய்ச்சித் திட்டம் மூன்று வருடம் தேடியதில் மிஞ்சியது இந்த ஒரு பொந்து, பதினான்கு புழு. ஈயைக் காப்பாற்றவா எம்.எஸ்சி. படித்தாய் என்று அவள் அம்மா பாத்திமா மேரி தலையில் அடித்துக்கொள்வாள்.

வைகாசியில் ஒருநாள், கரும்பு லாரிக்கு வழி வேண்டும் என்று பச்சையப்பன் ரம்பக்காரனைக் கூட்டிவந்துவிட்டார். ஷெரின் ஈயைப் பற்றிச் சொல்லிக் கெஞ்சினாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற பெண்ணுக்கு அந்த நேரத்தில் வாயில் வந்தது வேறு.

“ஐயா, இந்த மரத்துல அம்மன் கீது. என் கண்ணால பாத்தேன். வெட்னா உங்க குடும்பத்துக்கு ஆவாது.”

கழுத்தில் சிலுவை போட்டவளே அம்மனைப் பார்த்தேன் என்கிறாள். மனுஷன் வெலவெலத்துப் போனார். ரம்பக்காரன் வந்த வழியே போனான், மரத்தில் மஞ்சள் துணி ஏறியது. ஷெரின் போகிற வழியில் மாதாவிடம் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். மற்றபடி அவளுக்கு மனசு கொள்ளாத சந்தோஷம்தான்.

ஆடி முதல் வெள்ளி மத்தியானம் வந்தபோது, தூரத்திலேயே பினாயில் வாடை அடித்தது. பொந்து காய்ந்து கிடந்தது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, உள்ளே அகல் எரிந்துகொண்டிருந்தது.

“இன்னாம்மா, எப்படி கீது?” என்றார் பச்சையப்பன். “ஒரே நாத்தம், புழு வேற. ஆத்தா இருக்கிற எடத்துல புழு நெளியலாமா? காலையில ஆள வுடாம நானே கையால மொண்டு ஊத்திக் கழுவுனேன்.”

“எங்க ஊத்துனீங்க?”

வரப்பைக் காட்டினார். ஓடினாள். வெயிலில் சுருண்டு, எறும்பு மொய்த்துக் கிடந்தன. முழங்காலிட்டு ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பதினான்கும் இருந்தன. ஒன்றிலும் உயிர் இல்லை. ரம்பத்துக்குத் தப்பியதைத் தன் வாயே கொன்றுவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. பழியை வேறு யார் தலையில் கட்டுவாள்? கண்ணீர் கொட்டியது.

அவள் முழங்காலில் இருப்பதைப் பார்த்து, கும்பிடுகிறாள் என்றே பச்சையப்பன் நினைத்தார். அவருக்கும் கண் கலங்கியது.

“அழுவாதம்மா. நீ சொல்லலன்னா பெரிய பாவத்த கட்டிகினு இருப்பேன். இந்த மாதிரி வேற எந்த மரத்துல கீதுன்னு சொல்லு, அதையும் சுத்தம் பண்ணிடறேன்.”

“வேற எதுலயும் இல்ல ஐயா” என்றாள் ஷெரின்.

இந்தத் தடவை அவள் பொய் சொல்லவில்லை.