குள்ளச்சியின் ஏழாவது தகடு

டொக் எண்டு கேட்டதோ, டங் எண்டு கேட்டதோ, வடிவாச் சொல்லு, என்று கேட்கிறார் ஃபோர்மன் கனகசூரியம், டொக்தான் ஐயா, நல்ல இரும்பெண்டால் மணி மாதிரிப் பாடும், இது பாடேல்லை, உள்ளுக்கை வெடிப்பிருக்கு, என்கிறேன் நான், கையில் சுத்தியல், தலைக்குமேல் குள்ளச்சியின் வயிறு, உலக யுத்த காலம், திருகோணமலையில் கரையேற்றி நிறுத்தியிருந்த அந்தச் சின்ன இங்கிலீஷ் போர்க்கப்பலுக்கு நீளமாய் ஏதோ பெயர் இருந்தது, எங்கள் வாயில் அது நுழையவில்லை, பெரிய கப்பல்களுக்கு நடுவே எட்டிப் பார்ப்பவள் போல நின்றதால் குள்ளச்சி.

அவள் போன கடல் எதையும் நான் பார்த்ததில்லை, எல்லாவற்றையும் அவள் வயிற்றில் தடவித்தான் அறிந்தேன், ஏடன்வரை சரக்குக் கப்பல்களுக்குக் காவல் போனபோது ஒட்டிய சிப்பிகள், வங்கக் கடல் புயலில் நெளிந்த முகம், நீர்மூழ்கியைத் தேடி அவளே கடலுக்குள் போட்ட குண்டுகளின் அதிர்வில் தளர்ந்துபோன றிவெட்டு ஆணிகள், மூன்று வருஷத்தில் ஒரு நீர்மூழ்கியையும் அவள் பிடிக்கவில்லை, எரிந்த கப்பலொன்றின் ஆட்கள் அறுபது பேரை அள்ளிக்கொண்டு வந்ததுதான் அவள் செய்த ஒரே பெரிய காரியம், அதற்கும் மூன்று நாள் கரை, ஒரு பூச்சுப் பெயின்ட், மறுபடி கடல்.

அவளுடைய குசினியில் என் மனைவியின் தம்பி சவிரிமுத்து வேலை செய்கிறான், கிழங்கு உரிச்சு உரிச்சு என்ரை கைரேகை அழிஞ்சு போச்சு அத்தான், இனி நான் களவெடுத்தாலும் பிடிக்கேலாது, என்று சிரிக்கிறான், அவன் நிற்கும் இடத்துக்கு நேர்கீழேதான் டொக் என்ற அந்த ஏழாவது தகடு, சோக்கட்டியால் அதில் வட்டம் போட்டுவிட்டு நான் வீட்டுக்குப் போனேன், காலையில் வந்தால் வட்டம் இல்லை, வயிறு முழுக்க ஈரச் சாம்பல் நிறம், பெயின்ட்காரப் பொன்னுத்துரை தூரிகையைத் துடைத்தபடி சொல்கிறான், பத்து மணிக்குள்ளை முடிக்கச் சொல்லி ஓடர், உன்ரை கோலத்தைப் பாத்துக்கொண்டு நிக்கேலுமோ.

எஞ்சினியர் துரை வந்தார், என் சுத்தியலை வாங்கி ஏழாவதைத் தட்டினார், டொக், எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, பக்கத்துத் தகட்டைத் தட்டினார், அதுவும் டொக், அதற்கடுத்ததும் டொக், தடித்த ஈரப் பெயின்ட் கப்பல் முழுவதின் குரலையும் அடைத்திருந்தது, துரை ஏதோ சொல்ல ஃபோர்மன் சிரித்தார், முழுக் கப்பலுமே வெடிச்சுப்போச்சோ எண்டு கேக்கிறாரடா, இல்லை ஐயா, ஏழாவதிலை மட்டும் ஒரு கையகலம் பெயின்ட்டைச் சுரண்டிப் பாக்க விடச் சொல்லுங்கோ, என்றேன், ஃபோர்மன் அதை இங்கிலீஷில் சொன்னாரா சொல்லவில்லையா, துரை கடிகாரத்தைப் பார்த்தார், மத்தியானம் அவளைத் தண்ணீரில் இறக்கிவிட்டார்கள், மேல்தட்டிலிருந்து சவிரிமுத்து கத்துகிறான், அத்தான், வாற கிழமை இறால் வாங்கி வைக்கச் சொல்லுங்கோ அக்காவிட்டை.

இருபத்துமூன்றாம் நாள் துறைமுக வாசலில் ஒரு தாள் ஒட்டினார்கள், எதிரியின் தாக்குதலில் மூழ்கியது, ஒருவரும் மிஞ்சவில்லை, ஒருவரும் மிஞ்சவில்லையென்றால் எதிரியைப் பார்த்தது யார், இதை யாரிடம் கேட்பது, குண்டு பட்டதென்றால் என் தகட்டின்மேல் பழியில்லை, தகடு திறந்ததென்றால் எதிரியே இல்லை, இரண்டில் ஒன்றைச் சொல்ல இந்தக் கடலில் ஆளில்லை, நீங்கள் சொன்னனீங்கள்தானே, என்று மனைவி ஒரே ஒரு தரம் கேட்டாள், ஓம், சொன்னனான், என்றேன், இடுப்பில் உளி இருந்ததைச் சொல்லவில்லை, இரண்டு நிமிஷ வேலை, யாரையும் கேட்காமல் சுரண்டியிருக்கலாம், நான் அனுமதி கேட்டுக்கொண்டு நின்றேன்.

கிழவனாகிவிட்டேன், இப்போதும் எதைக் கண்டாலும் தட்டுகிறேன், வாசல் கேற்றை, பஸ்ஸின் பக்கத்தை, தண்ணீர்த் தாங்கியை, கண்ணை மூடினால் தலைக்குமேல் அதே வயிறு, ஈரம் காயவில்லை, சுத்தியல் என் கையில் இல்லை, ஆனாலும் சத்தம் கேட்கிறது, டொக், உள்ளேயிருந்து யாரோ தட்டுகிறார்கள், தண்ணீர் என் கணுக்காலுக்கு வருகிறது, முழங்காலுக்கு வருகிறது, துரை கடிகாரத்தைப் பார்த்தபடியே நிற்கிறார், கனகசூரியமும் நிற்கிறார், உளி என் கையில்தான் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு நான் கேட்கிறேன், ஐயா, ஒரு கையகலம்தான், சுரண்டட்டோ ஐயா