புளி போட்டுத் தேய்த்த கலசம்

மதிவாணனுக்கு இரண்டு விஷயம் வராது. ஒன்று, விடுமுறை நாளில் வீட்டில் சும்மா உட்காருவது. இன்னொன்று, 'நான் சொன்னது தப்பு' என்று வாயைத் திறந்து சொல்வது. கோத்தா திங்கி ஊருக்குக் கிளம்பி, வேறு பக்கம் இருக்கும் தெப்ராவில் போய் நின்றபோதுகூட, சாலையைத்தான் மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று சாதித்த ஆள். காரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி வாசுகி தலையில் அடித்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒரு வார்த்தைக்காக அவள் காத்திருக்கிறாள்.

வாரநாளில் அவர் பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். சனி, ஞாயிறு வந்தால் உலோகம் தேடும் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு மாசாய்ப் பக்கத்துப் பூங்காக்களுக்குப் போய்விடுவார். கருவியின் வட்டத் தட்டைப் புல்லை ஒட்டி மெல்ல வீசுவார். காதில் சத்தம் கேட்டால் மண்டியிட்டு, புல்லை மூடிபோல அறுத்துத் தூக்கி, தோண்டி எடுத்துவிட்டு மறுபடி மூடிவைப்பார். கிடைப்பதெல்லாம் பழைய காசு, துருப்பிடித்த சாவி, டின் மூடி. அத்தனையும் வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் கொலுவிருந்தன. வாசுகி அதற்கு வைத்திருந்த பெயர் குப்பை மியூசியம்.

சனிக்கிழமைதான் அந்தக் கேலி நின்றது. பூங்கா இருக்கும் இடம் முன்பு ரப்பர் தோட்டம். அதன் மேட்டில் தோட்டத்து மாரியம்மன் கோவில் இருந்தது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். வீடுகள் கட்ட வந்தபோது கோவில் சாலைக்கு அந்தப்புறம் மாறிப் போனது. அந்த மேட்டில்தான் மதிவாணனுக்கு அது கிடைத்தது. ஒரு சாண் உயரம். மேலே கூம்பாகப் பித்தளை, நடுவில் பருத்த வயிறு, அடியில் குறுகல். மண் அப்பி, பச்சை பூத்துக் கிடந்தது. கருவியின் திரை பித்தளைக்குரிய எண்ணைக் காட்டினாலும் கூடவே இரும்புக்குரிய உறுமலும் கேட்கத்தான் செய்தது. பக்கத்தில் ஏதாவது ஆணி கிடக்கும் என்று மனுஷன் அதைத் தள்ளிவிட்டார்.

"அம்மன் கோவில் கலசம். எனக்குத் தெரியாதா?" என்று வீட்டில் வந்து சொன்னார்.

வாசுகி அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். புதுக் கோவிலுக்கு அடுத்த மாதம் கும்பாபிஷேகம். இந்த நேரம் பார்த்து அம்மனே அனுப்பியிருக்கிறாள் என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"காலையில புளி போட்டுத் தேச்சிக் கோவில்ல குடுத்துருவோம்" என்றாள்.

"அடியில மண்ணு இறுகிப் போயிருக்கு. நல்லா தட்டித் தேயி" என்று ஆலோசனை வேறு சொன்னார் அவர்.

ஞாயிறு காலை அவர் மறுபடி மேட்டுக்குப் போனார். கலசம் என்றால் ஒற்றைப்படையில் இருக்கும். ஒன்று கிடைத்துவிட்டது, இன்னும் இரண்டு இங்கேதான் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. நேற்றைய குழிக்கு அடுத்தே கருவி அலறியது. தோண்டினார். பித்தளைக் கூம்பு ஒன்று எட்டிப் பார்த்தது. அதை ஒட்டி இன்னொன்று. மூன்று ஆகிவிட்டது! மதிவாணனுக்குத் தலைகால் புரியவில்லை. கைக்கரண்டியை வைத்துவிட்டு விரலாலேயே மண்ணை ஒதுக்கினார்.

நான்காவது வந்தது. சரி, ஐந்து இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். ஐந்தாவதும் வந்தது, அதன் பின்னால் ஆறும் ஏழும் வந்தன. எல்லாம் ஒரே அளவில், தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. ஓரத்தில் மக்கிப்போன மரச்சட்டம் தெரிந்தது. பெட்டி அது. வரிசை இன்னும் மண்ணுக்குள் போய்க்கொண்டே இருந்தது.

தகரக் கூரை போட்ட தோட்டத்துக் கோவிலுக்கு யார் இத்தனை கலசம் வைத்திருப்பார்கள்? அவர் கை அப்படியே நின்றது. கூம்புக்குக் கீழே வயிறு பித்தளை இல்லை, துருவேறிய இரும்பு. நேற்றுக் கேட்ட உறுமல் இப்போதுதான் அவர் மண்டையில் ஏறியது. ஜப்பான்காரன் காலத்துச் சண்டைக் குண்டுகள்.

அடுத்த நொடியே வாசுகி நினைவுக்கு வந்தாள். அவரே சொல்லியிருக்கிறார், நல்லா தட்டித் தேயி என்று.

மூச்சைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகவே நகர்ந்து மேட்டைவிட்டு இறங்கினார். கீழே ஊஞ்சலில் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். மெதுவோட்டம் ஓடிக்கொண்டிருந்த ஒரு மலாய்க்காரப் பெண்ணிடம், "பொம், காக்! ஜாங்கான் டெக்காட்!" என்று குண்டு இருப்பதைச் சொல்லிக் கிட்டே போக வேண்டாம் என்று கத்தினார். அவள் கெட்டிக்காரி. பிள்ளைகளைத் திரட்டி வெளியே ஓட்டிவிட்டு, போலீசுக்கு அழைத்தபடியே முன்வாசலில் போய் நின்றுகொண்டாள். பூங்காவுக்கு இரண்டு வாசல். பின்வாசலை இவர்தான் காக்க வேண்டும். திறந்து கிடக்கும் குழியை விட்டுவிட்டு எப்படிப் போவது?

வீட்டுக்குப் போன் அடித்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. போன் வரவேற்பறையில் சார்ஜில் கிடக்கும், அவள் பின்கட்டில் குழாயடியில் இருப்பாள். மறுபடி அடித்தார். அவர்கள் சந்தின் முனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஜாஸிம்தான் கடைசி நம்பிக்கை.

"பாய், வீட்டுக்கு ஓடுங்க. வாசுகி கையில இருக்கறது கலசமில்ல, குண்டு. அவள வெளிய கூட்டிட்டுப் போங்க!"

"அலமாக்! என்னா மதி சொல்றீங்க?"

"ஓடுங்க பாய், கெஞ்சிக் கேக்கறேன்!"

போனை வைக்காமலே ஜாஸிம் ஓடினார். செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு வாசுகி பாடிக்கொண்டிருந்த பக்திப் பாட்டு, குழாய்த் தண்ணீர். "தங்கச்சி! அதக் கீழ வைம்மா!" என்று ஜாஸிம் பின்வேலியில் நின்று அலறுவது கேட்டது. பாட்டு நின்றது. குழாயடியை ஒட்டிய வேலிக்கு மேலாகப் போன் கைமாறியது.

"என்னங்க இது? ஜாஸிம் அண்ணன் குண்டுங்கறாரு?"

"வாசு, அத எங்க வச்சிருக்க?"

"மடியிலதான். பளபளன்னு வந்துருச்சி. அடி மண்ணுதான் போவல. சுத்தியலால இப்பதான் ரெண்டு தட்டு தட்டுனேன்."

மதிவாணன் பின்வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"தட்டாத. சுத்தியலப் போட்றாத, மெதுவா வையி. நீ வெளிய போ."

"நேத்து கலசம்னீங்க, இன்னைக்கி குண்டுங்கறீங்க. கோவிலுக்குக் குடுக்க மனசு வரல, அதானே? அலமாரியில வச்சிக்கணும் ஒங்களுக்கு. நான் குடுக்கத்தான் போறேன் லா."

எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. வழக்கம்போலக் கத்தத்தான் வாயைத் திறந்தார். கத்தினால் அவள் நகரமாட்டாள், இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள் என்று அவருக்குத் தெரியும்.

"வாசு. நான் சொன்னது தப்பு."

கம்பியை விட்டுவிட்டுப் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அது கலசமில்ல. நேத்தே மெஷின் சொல்லிச்சி, நான்தான் கேக்கல. தப்பு என்னோடது. ஒனக்கு ஒன்னு ஆச்சின்னா நான் இருக்க மாட்டேன், வாசு."

வாசுகிக்கு அப்போதுதான் நிஜமாகவே பயம் வந்தது. அவர் குண்டு என்று சொன்னதை அவள் நம்பவில்லை, தப்பு என்று சொன்னதை நம்பினாள்.

"என்னங்க... இப்ப என்னங்க செய்ய?"

"போனத் தோள்ல இடுக்கிக்க. ரெண்டு கையாலயும் பிடிச்சிக்க. அப்படியே தரையில சாச்சி வையி. அவசரமே இல்ல."

அவளுடைய மூச்சுச் சத்தம் காதுக்குள் கேட்டது. கொலுசு அசைந்தது. ஈரத்துணி சிமெண்டில் உரசியது. எதுவும் வெடிக்காத ஒவ்வொரு கணமும் அவருக்கு ஒரு யுகமாகப் போனது.

"வச்சிட்டேன்."

"திரும்பிப் பாக்காம பாயோட போ!"

பின்வேலிக் கதவின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. அதன் பிறகு ஓடும் கால்கள். போலீஸ் வண்டி பூங்காவுக்கு வந்து சேரும்வரை மதிவாணன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

அவர் வீட்டுப் பக்கம் வந்தபோது சந்து முழுவதையும் அடைத்திருந்தார்கள். குண்டைச் செயலிழக்கச் செய்யும் ஆட்கள் மணல் மூட்டைகளோடு உள்ளே போயிருந்தார்கள். வாசுகி, ஜாஸிம் கடையின் கடைசி மேசையில் ஆறிப்போன தேநீரின் முன் உட்கார்ந்திருந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். விரல் இடுக்கில் புளி காய்ந்து ஒட்டியிருந்தது.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.

"என்னத்த?"

"போன்ல சொன்னீங்களே, அத."

சொல்லத்தான் வாயைத் திறந்தார். அழுகைதான் வந்தது. அவள் அந்தப் புளிக் கையாலேயே அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.